தெரியாது சேர்

அவரிடம் நேரம் கேட்டால்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டார். நாங்களெல்லாம் "பத்தரை இருக்கும்" என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போகிற ஆட்கள். அவர் கையைத் திருப்பிப் பார்ப்பார். கடிகாரம் கட்டாத நாளென்றால் "தெரியாது" என்பார். சுவரில் மணிக்கூடு தொங்குகிறதே சேர் என்றால், "அது பிந்தி ஓடுது. எவ்வளவு பிந்தி எண்டு தெரியாது" என்பார். மனிசருக்கு எரிச்சல் வருமா வராதா, சொல்லுங்கள்.

திருகோணமலையில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி, படகு எஞ்சின் சாமான் விற்கிற கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் கணினி நிலையம் இருந்தது. நான் அங்கே தட்டச்சும் வேர்ட், எக்செல்லும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் டிப்ளோமாப் பிள்ளைகளுக்குத் தரவுத்தளம் படிப்பிக்க வந்து சேர்ந்தார். என்னைவிட இளையவர். முப்பது வயது இருக்கும் என்று எழுதக் கை வருகிறது. இருக்கட்டும், எனக்குத் தெரியாது. பாலையூற்றில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். சைக்கிளில் வருவார். சட்டைக் கையை ஒருநாளும் மடித்துவிட்டு நான் கண்டதில்லை.

ஒருநாள் காலையில் வந்து பார்க்கிறேன், அவர் படிக்கட்டின் கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டவுனில் திரிகிற மான்களில் ஒன்று முதல் படியில் நின்று யாரோ எறிந்த சாப்பாட்டுத் தாளை மென்றுகொண்டிருந்தது. "சூ எண்டு விரட்டிப்போட்டு ஏறுங்கோவன் சேர்" என்றேன். "விரட்டினால் எந்தப் பக்கம் பாயும் எண்டு தெரியாதே மிஸ். றோட்டில வாகனம் வருது" என்றார். நான் செருப்பைக் கழற்றி ஓங்கினேன். மான் தன் பாட்டுக்குப் போனது. வாகனம் ஒன்றும் வரவில்லை. அவர் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறி வந்தார்.

பிள்ளைகள் கெதியிலேயே பெயர் வைத்துவிட்டார்கள்: தெரியாது சேர். அது அவர் காதுக்கும் போனது. "பிழையில்லையே" என்றாராம்.

அந்த ஒரு சொல்லால் என் தங்கச்சியின் கலியாணம் குழம்பப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன். ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் தெரிந்தால்தான், அன்றைக்கு நான் அவரை அடிக்காமல் விட்டது ஏன் என்று உங்களுக்கு விளங்கும்.

தங்கச்சி அவருடைய வகுப்பில்தான் படித்தாள். நானும் அந்த வகுப்பில் பின்வாங்கில் போய் இருப்பேன். படிப்பு ஆசையில்லை, எங்கள் கட்டடத்தில் அந்த ஓர் அறையில்தான் ஏசி வேலை செய்தது. முதல் வகுப்பில் அவர் வெள்ளைப் பலகையில் ஒரு அட்டவணை கீறினார். நிலாவெளியில் ஒரு மீனவர் சங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். பெயர், வள்ளத்தின் இலக்கம், தொலைபேசி.

"ஒரு நிரை எண்டால் ஒரு ஆள். ஒரு நிரல் எண்டால் ஒரு கேள்வி. எல்லாரிட்டையும் ஒரே கேள்வியைக் கேக்கிறம். எல்லாரும் பதில் தரவேணும் எண்டு இல்லை" என்றார். பிறகு தொலைபேசி நிரலில் ஓரிடத்தை வெறுமையாக விட்டு, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"அவரிட்ட போன் இல்லை சேர்" என்று முழு வகுப்பும் கத்தியது. நானும் கத்தினேன்.

"இல்லை எண்டு அவர் சொன்னவரோ?"

பலகையில் அந்த வெற்றிடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"போன் இல்லாமல் இருக்கலாம். போன் இருந்து, நம்பர் எங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒருத்தரும் அவரிட்டக் கேக்காமலே விட்டிருக்கலாம். வெறுமை எண்டால் இல்லை எண்டு அர்த்தம் இல்லை. பூச்சியம் எண்டும் இல்லை. தெரியாது எண்டு அர்த்தம். இதுக்கு இங்கிலீசில பேர் NULL, நல். இந்த ஒண்டை விளங்காமல் தரவுத்தளம் கட்டுறவன், இடிஞ்சு விழுற வீடு கட்டுறவன்."

அதோடு விடவில்லை. வெறுமை இரண்டைச் சமன் குறி போட்டு ஒப்பிட்டால் கணினி "சரி" என்று சொல்லாது என்றார். "ஏன் சேர், ரெண்டும் ஒண்டுதானே?" என்று கேட்டவள் என் தங்கச்சிதான். அவர், "ரெண்டு பேரின்ர விலாசம் எனக்குத் தெரியாது. அப்ப ரெண்டு பேரும் ஒரே வீட்டிலயோ இருக்கினம்?" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

எங்கள் டிரெக்டர் கிண்ணியாக்காரர், நல்ல கலகலப்பான மனிசன். புதுப் பிரிவு தொடங்கும்போதெல்லாம் எங்கள் சேரிடம் வந்து, "இந்தமுறை புள்ளைகள் கூடுதலா வருவாங்கதானே சேர்?" என்று கேட்பார். கேட்கிறவருக்கு வேண்டியது ஒரு நல்ல வார்த்தை. இவர் "தெரியாது" என்பார். "இன்ஷா அல்லாஹ் எண்டாவது சொல்லுங்களேன் சேர்!" என்று டிரெக்டர் தலையில் கை வைப்பார். "அது சொல்லலாம்" என்று யோசித்து, "இன்ஷா அல்லாஹ்" என்று சொன்னார் ஒருநாள். அதைக் கேட்டு நாங்கள் ஒருகிழமை சிரித்தோம்.

அந்த டிரெக்டரின் வாப்பா பிறகு பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். நாங்களெல்லோரும் அப்பிள் பையோடு ஒருநாள் போய், "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, எழும்பி நடப்பார்" என்று சொல்லிவிட்டு வந்தோம். டிரெக்டர் இவரைப் பார்த்து, "வாப்பா தப்பிருவாரா சேர்?" என்று கேட்டுவிட்டார். இவர் தரையைப் பார்த்தார். "தெரியாது" என்றார். வாசலுக்கு வந்ததும் நான் நல்லாக் குடுத்தேன். "உங்கட நாக்கு என்ன மரக்கட்டையோ? சாகக் கிடக்கிற மனிசனின்ர மகனுக்குச் சொல்லுற கதையோ இது?" என்று கேட்டேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு தினமும் பின்னேரம் வகுப்பு முடிந்ததும் அவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பாராம். அந்த நேரத்தில் டிரெக்டர் தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ஒரு கண் அயர்ந்துவிட்டு வருவாராம். வாப்பா மௌத்தாகி அடக்கமும் முடிந்த பிறகுதான் டிரெக்டர் இதை எங்களிடம் சொன்னார். "நீங்க எல்லாரும் எழும்பி நடப்பார் எண்டு சொன்னீங்க. அந்த மனிசன் ஒண்டும் சொல்லல்ல. பக்கத்துல இருந்தாரு" என்றார். எனக்கு அந்த அப்பிள் பையை நினைக்க வெட்கமாக இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நான் வெறுமையைக் கண்டால் கை அரிக்கிற சாதி. சாப்பாட்டுக் கோப்பையில் ஓரத்தில் இடமிருந்தால் இன்னும் ஒரு கரண்டி சோறு போடுவேன். யாராவது கதையை நடுவில் நிறுத்தினால் மிச்சத்தை நானே சொல்லி முடிப்பேன். பிள்ளைகள் செயற்திட்டத்துக்காக உண்மையாகவே நிலாவெளியில் ஒரு மீனவர் சங்கத்துக்குத் தரவுத்தளம் செய்தார்கள். தட்டச்சுக்காரி என்பதால் பெயர்களை அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பார்த்தால், பலருக்குத் தொலைபேசி எண் இல்லை. நிரல் நெடுக ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது. சேர் அந்த இடங்களை வெறுமையாக விடலாம் என்றுதான் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லா ஓட்டையிலும் என் கைபேசி எண்ணை அடித்துவிட்டேன். எவ்வளவு வடிவாக நிறைந்து இருந்தது தெரியுமா?

காற்றுக் கிளம்பிய ஒருநாள், சங்கம் அந்தத் தரவுத்தளத்திலிருந்து அங்கத்தவர்களுக்கு முதன்முதலாகக் குறுஞ்செய்தி அனுப்பியது. நான் மத்தியானச் சாப்பாட்டில் இருக்கிறேன், கைபேசி துள்ளத் தொடங்கியது. "கடல் கொந்தளிப்பாக உள்ளது. தொழிலுக்குச் செல்ல வேண்டாம்." மறுபடியும் அதே. மறுபடியும், மறுபடியும். மேசையில் அது நடந்து போய்க் கீழே விழப் பார்த்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சேர் வாசித்துவிட்டு, "மிஸ், நீங்கள் இண்டைக்குக் கடலுக்குப் போகாதேங்கோ" என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அடுத்த நிமிடமே முகம் மாறிவிட்டது. "அப்ப அந்த ஆக்களுக்குச் செய்தி போகேல்லை" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "வெறுமையாய் இருந்திருந்தால், இவைக்கு ஆள் விட்டுத்தான் சொல்லவேணும் எண்டு சங்கத்துக்குத் தெரிஞ்சிருக்கும். உங்கட நம்பர் இருந்தபடியால் எல்லாருக்கும் சொல்லியாச்சு எண்டு நினைச்சிருப்பினம்."

உடனே சங்கத்துக்கு அழைத்தோம். கரையில் நின்றவர்கள் காற்றைப் பார்த்து ஏற்கெனவே வள்ளங்களை மேலே இழுத்துவிட்டார்களாம். கடல் தெரிந்த சனம், எங்கள் செய்தியை நம்பி இருக்கவில்லை. நல்ல காலம். அதன் பிறகு அன்றைக்கு நான் ஒரு பருக்கையும் சாப்பிடவில்லை. மறுநாள் நானே உட்கார்ந்து என் எண்ணை ஒவ்வொன்றாக அழித்தேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

தங்கச்சியும் சும்மா இருந்த ஆளில்லை. அக்காக்காரி நிரப்பினாள், தங்கச்சிக்காரி அழித்தாள். வள்ளம் விற்றுவிட்டுப் போன ஒருவரின் பெயரை நீக்கவேண்டியிருந்தது. நீக்கு என்று கட்டளை எழுதுகிறவர்கள் யாரை நீக்குவது என்றும் எழுதவேண்டும். அந்த நிபந்தனையை எழுதாமல் விட்டால் கணினி கேள்வி கேட்காது. அத்தனை பேரையும் நீக்கிவிடும். அவள் எழுதாமல் விட்டாள். முழுச் சங்கமும் ஒரு தட்டில் போய்விட்டது.

அறை செத்த வீடு மாதிரி ஆனது. நாள் முழுக்க எல்லோரும் செய்த வேலை. யார் செய்தது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. எல்லோரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில்தான் உள்ளே போய் வந்தார்கள். சேர் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆர் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாமலே விடலாம். நேற்றைய பிரதி இருக்கு, இண்டையான் வேலை மட்டும்தான் போட்டுது" என்றார். அதோடு கதை முடிந்திருக்கும். ஒருவரும் இவளைப் பார்க்கவில்லை. நான் பின்வாங்கில் இருந்து இவளுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவந்து போய்க் கிடந்தது. எழும்பினாள். "நான்தான் சேர்" என்றாள்.

"சரி. இருங்கோ" என்றார் அவர். "எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் குடுத்தது என்ர பிழை. ஆளுக்கொரு பெயர் வேணும். நாளைக்குச் செய்வம்." அவ்வளவுதான். இவளைப் புகழவுமில்லை, கண்டிக்கவுமில்லை.

இனிக் கலியாணக் கதைக்கு வருகிறேன்.

தங்கச்சிக்குச் சேனையூரிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை விஞ்ஞான ஆசிரியர். தாய் இல்லாத பிள்ளை, பெரியம்மா வளர்த்தவர். பெரியம்மா சொன்னால் அந்த வீட்டில் மறு பேச்சில்லை. சாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையும் இவளும் கைபேசியில் கதைக்கவும் தொடங்கியாயிற்று. இதற்கு முதல் வந்த இடங்களுக்கெல்லாம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள், இப்போது கைபேசியைக் குசினிக்குள்ளும் கொண்டுபோனாள். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கைக்கே தெரிந்துவிட்டது. அம்மா கூறைச் சீலைக்கு நிறம் யோசித்துக்கொண்டிருந்தா.

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசினால் விசாரிப்பு என்று ஒன்று நடக்கும். சாதகத்தில் தேறினாலும் விசாரிப்பில் தேறவேண்டும். பெண் படித்த இடம், வேலை செய்த இடம், பக்கத்து வீடு என்று போய் மெல்லக் கேட்பார்கள். அதில் ஒரு முறை இருக்கிறது. யாரும் நேரே கெட்டது சொல்ல மாட்டார்கள். ஒரு குமரின் வாழ்க்கையைக் கெடுத்த பாவம் யாருக்கு வேண்டும்? பிள்ளை நல்லதென்றால் "தங்கமான பிள்ளை" என்று வாய் நிறையச் சொல்வார்கள். ஏதாவது இருந்தால் "எங்களுக்கு அவ்வளவாத் தெரியாது" என்று மற்றப்பக்கம் பார்ப்பார்கள். கேட்டவர் விளங்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுவார்.

பெரியம்மா எங்கள் நிலையத்துக்கு விசாரிக்க வந்த நாள் நான் லீவு. முழங்கால் நோவோடு அந்தப் படிக்கட்டெல்லாம் ஏறி வந்திருக்கிறா. டிரெக்டர் கதிரை போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, "தங்கமான புள்ளம்மா" என்று முறைப்படி சொல்லியிருக்கிறார். பெரியம்மாவுக்கு அது போதவில்லை. படிப்பித்தவரிடம் கேட்கவேண்டும் என்றிருக்கிறா. சேரைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, பிள்ளை ஆரோடும் பழக்கம், கிழக்கம் ஏதும் உண்டோ?"

"தெரியாது அம்மா."

டிரெக்டர் பின்னால் நின்று கையைக் காட்டினாராம், கண்ணைக் காட்டினாராம். இவர் பார்க்கவேயில்லை. பெரியம்மா சோடாவை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினா.

அன்று பின்னேரமே அம்மாவுக்கு அழைப்பு வந்தது. "உங்கட பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் வரும். எங்களுக்குச் சரிவராது போலக் கிடக்கு." காரணம் சொல்லவில்லை. அம்மா மண்டபத்தில் வெறும் நிலத்தில் படுத்துவிட்டா. தங்கச்சி அழவில்லை. கைபேசியை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள். குசினிக்குள் போய், கழுவி அடுக்கியிருந்த கோப்பைகளையெல்லாம் திரும்பக் கழுவினாள். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும்.

மறுநாள் டிரெக்டர் நடந்ததைச் சொன்னதுதான் தாமதம், எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தேத்தண்ணி இடைவேளையில் வகுப்புக்குள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஏன் சேர், நல்ல பிள்ளை எண்டு ஒரு வார்த்தை சொன்னால் உங்கட வாய் வெந்துபோமோ?"

அவருக்கு விளங்கவில்லை. "அவா அதைக் கேக்கேல்லை மிஸ். ஆரோடும் பழக்கமோ எண்டு கேட்டவா. வகுப்பில இருக்கிற நேரம் மட்டும்தானே நான் பாக்கிறன்."

"இல்லை எண்டு சொல்லவேண்டியதுதானே!"

"இல்லை எண்டும் எனக்குத் தெரியாதே."

கையில் இருந்த தேத்தண்ணியை அவர் தலையில் ஊற்றாமல் விட்டேனே, அது என் பெற்றோர் செய்த புண்ணியம். "கடவுளே! எங்கட ஊரில தெரியாது எண்டால் தெரியாது எண்டு அர்த்தமோ? இருக்கு, ஆனால் என்ர வாயால சொல்லமாட்டன் எண்டு அர்த்தம்! கலியாணம் குழம்பிப் போச்சு சேர். அவள் கோப்பை கழுவிக்கொண்டு நிக்கிறாள்!"

அவர் கையிலிருந்த மார்க்கரை மேசையில் வைத்தார். "அப்ப நான் வெறுமையாய் விட்டதை, அவா ஓம் எண்டு வாசிச்சுப்போட்டாவோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம்!" என்று கத்தினேன். கத்திய பிறகு எனக்கே அழுகை வந்துவிட்டது. கலியாணம் குழம்பியது என்ற செய்தி ஒழுங்கையெல்லாம் போகும், அடுத்து வருகிறவர்களும் ஏன் குழம்பியது என்று விசாரிப்பார்கள், அவர்களுக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதை அவரிடம் சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். அன்றைக்கு அவர் வகுப்பை முடிக்கவில்லை.

சனிக்கிழமை அவர் சேனையூருக்குப் போக மூதூர் பஸ்ஸில் ஏறினார். என்னிடம் சொல்லவில்லை, பெரியம்மாவின் விலாசத்தை டிரெக்டரிடம் வாங்கியிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் என் மேசைமேல் ஒரு சட்டி எருமைத்தயிர் இருந்தது. பக்கத்தில் அவர், வெயிலில் கறுத்துப்போய் நின்றார்.

"அவா தந்து விட்டவா. உங்கட வீட்டுக்காம்" என்றார்.

"ஐயோ, என்ன சொன்னவா சேர்?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டவா."

"அப்ப சம்மதிப்பாதானே?"

"தெரியாது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் இம்முறை எனக்குச் சிரிப்பும் வந்தது. வேண்டாம் என்கிற ஆள் தயிர் கொடுத்து விடுமா? அதை நான் சொல்லவில்லை. என் வாயை நானே பொத்திக்கொண்டு அந்தச் சட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் ஒருவரும் ஒன்றும் ஊகிக்கவில்லை. அதுவே பெரிய அதிசயம். வெள்ளிக்கிழமை பெரியம்மா அழைத்தா. கூறைக்கு என்ன நிறம் என்று கேட்டா.

சேனையூரில் என்ன நடந்தது என்பதை இவர் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. கலியாணத்தன்று பெரியம்மாதான் என் கையைப் பிடித்து இருத்திச் சொன்னா.

"படலையில வந்து நிக்குது. உள்ளுக்க வா மகன் எண்டால் வராதாம். அம்மா, நான் அண்டைக்குத் தெரியாது எண்டு சொன்னது, இருக்கு எண்டு சொன்னதில்லை எண்டுது. நான் கேட்டன், அப்ப இப்ப தெரியுமோ? இல்லை, இப்பவும் தெரியாதாம்! இதைச் சொல்லவோ மகன் இவ்வளவு தூரம் வந்தனீ எண்டு எனக்கு விசர் பிடிச்சுது. பிறகு பார்த்தன், வேர்த்து ஒழுகுது. இருத்தித் தண்ணி குடுத்தன். சரி, தெரியாததை விடு, தெரிஞ்சது என்ன எண்டு கேட்டன்."

அப்போதுதான் அவர் சொன்னாராம். முழு வகுப்பின் வேலையும் அழிந்த நாளைப் பற்றி. யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லாமல் இருந்தது, தெரியாமலே விடலாம் என்று அவரே சொன்னது, அதன் பிறகும் அந்தப் பிள்ளை எழும்பி நான்தான் என்று சொன்னது. "இது நான் கண்ணால கண்டது அம்மா. வேற ஒண்டும் எனக்குத் தெரியாது" என்று கைகூப்பினாராம்.

"நான் விடேல்லை பிள்ளை" என்றா பெரியம்மா. "கடைசியாய் ஒண்டு கேட்டன். உன்ர தம்பிக்கு எண்டால் இந்தப் பிள்ளையை எடுப்பியோ எண்டு. என்ன சொல்லிச்சுது தெரியுமோ? எனக்குத் தம்பி இல்லையம்மா எண்டுது!" பெரியம்மா சிரித்த சிரிப்பில் மண்டபத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த ஆள் பொய் சொல்லாது பிள்ளை. அது தெரிஞ்சபிறகு எனக்கு வேற என்ன விசாரிப்பு?"

அவர் அந்தக் கலியாணத்துக்கு வந்திருந்தார். சட்டைக் கையைப் பொத்தான் பூட்டியபடி கடைசி வரிசையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அவருக்குத் தம்பி இல்லை என்பதை, இவ்வளவு காலம் கூட வேலை செய்த நான், சேனையூர்க்காரி சொல்லித்தான் அறிந்தேன். அண்ணன் உண்டா, அக்கா உண்டா, தாய் தகப்பன் எங்கே, ஒன்றும் தெரியாது. தீபாவளி, பொங்கலுக்கு எங்கே போனார் என்றும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. கொழும்பில் ஒரு கொம்பனியில் வேலை கிடைத்துப் போகும்போது, "திரும்பி வருவீங்களோ சேர்?" என்று மட்டும் கேட்டேன். பதில் உங்களுக்கே தெரியும்.

போன கிழமை தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. வவுனியாவிலிருந்து ஒரு தாய், டிரெக்டரிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறா. மகளுக்கு ஒரு இடம் பேசுகிறார்களாம். மாப்பிள்ளை முன்பு திருகோணமலையில் எங்கள் நிலையத்தில் படிப்பித்தவராம். பெயரைச் சொன்னதும் நான் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன்.

"ஆள் எப்பிடி மகள்? குடிவகை உண்டோ?"

வாயில் வந்ததை விழுங்கினேன். "நான் கண்டதில்லை" என்றேன்.

"முந்தி ஏதும் தொடர்பு, கிடர்பு?"

எனக்கு எவ்வளவு சுலபம்! தங்கமான பிள்ளை என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். அவருக்கு நன்மை செய்ததாகவும் இருக்கும். ஆனால் அவரைப் பற்றியே, தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"தெரியாது அம்மா" என்றேன்.

மறுபக்கம் சத்தம் அடங்கியது. அந்த அமைதி என்னவென்று எனக்கு நல்லாத் தெரியும். சோடாவை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்புகிற அமைதி.

"அம்மா! வைச்சிடாதேங்கோ, வைச்சிடாதேங்கோ" என்று கத்தினேன். "தெரியாது எண்டால் தெரியாதுதான். கூடாது எண்டு இல்லை. உங்களுக்கு நேரம் இருந்தால் தெரிஞ்சதைச் சொல்லுறன்."

சொன்னேன். கைக்கடிகாரம், மான், ஆஸ்பத்திரிக் கதிரை, என் கைபேசி, மூதூர் பஸ், தயிர்ச்சட்டி, எல்லாம். அடுப்பில் கறி அடிப்பிடித்து மணந்தது. அந்த அம்மா இரண்டொரு இடத்தில் சிரித்தா. ஓரிடத்தில் மூக்கை உறிஞ்சிய மாதிரியும் இருந்தது. அது எனக்கு நிச்சயமில்லை.

முடிவில் அவாவும் கேட்டா. எந்த ஊர் என்றாலும் தாய்மார் கேட்கிற கேள்விதானே.

"மறைக்காமச் சொல்லுங்கோ மகள். உங்கட தங்கச்சிக்கு இவரைப் பேசி வந்திருந்தால், குடுத்திருப்பீங்களோ?"

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் ஒருகணம் நின்று யோசித்துத்தான் பதில் சொன்னேன். இதற்கு நிற்கவில்லை.

"ஓம் அம்மா" என்றேன். "அது எனக்குத் தெரியும்."